கையில் செல்போன் இருக்க, கேமரா எதற்கு?

ஜப்பானியக் கேமரா நிறுவனங்களின் சங்கமான சிப்பாவின் கணக்குப்படி, 2010இல் சந்தைக்கு வந்த டிஜிட்டல் கேமராக்கள் 12 கோடிக்கும் மேல். 2023இல் அந்த எண்ணிக்கை 80 லட்சத்தைத் தொடவில்லை. விழுந்தவை பெரும்பாலும் சட்டைப்பையில் அடங்கும் சிறிய கேமராக்கள்தாம். பிறந்தநாளுக்கும் சுற்றுலாவுக்கும் அவை செய்த வேலையைச் செல்போன் எடுத்துக்கொண்டது. ஹேண்டிகேமும் அதே வழியில் போனது. ஆகவே இன்று வீட்டு உபயோகத்துக்குக் கேமரா வாங்க நினைப்பவருக்கு, எந்த மாடல் என்பதற்கு முன்பே இன்னொரு கேள்வி வந்து நிற்கிறது: செல்போனால் ஆகாத எந்தக் காரியத்துக்காக இது?

பகல் வெளிச்சத்தில், இரண்டு மூன்று மீட்டர் தூரத்தில், ஒரு நிமிடத்துக்குள் முடிகிற காட்சிக்கு நடுத்தர விலைச் செல்போனே போதும். அதற்கென்று தனிக் கேமரா வாங்குவது வீண் செலவு என்பது என் உறுதியான எண்ணம். மங்கிய வெளிச்சத்தில் அசைந்துகொண்டிருக்கும் ஆட்களை எடுக்க வேண்டும், தூரத்து மேடையை எடுக்க வேண்டும், மணிக்கணக்கில் பதிவு ஓட வேண்டும் என்று வரும்போதுதான் கேமராவுக்குக் கொடுத்த காசு பலன் தருகிறது. நாம் படமாக வைத்துக்கொள்ள ஆசைப்படுபவற்றில் பலவும் இந்த மூன்றில் ஒன்றாகத்தான் இருக்கின்றன: மண்டபத்துக் கல்யாணம், வளைகாப்பு, பள்ளி ஆண்டு விழா, அரங்கேற்றம், விளக்கு வைத்த பிறகு கூடத்தில் ஓடி விளையாடும் குழந்தை.

கடைக்குப் போனால் முதலில் காதில் விழுவது மெகாபிக்சல். 1975இல் கோடாக் நிறுவனத்தில் ஸ்டீவன் சாசன் உருவாக்கிய முதல் டிஜிட்டல் கேமராவுக்கு 0.01 மெகாபிக்சல்தான். கறுப்பு வெள்ளையில் ஒரு படத்தை கேசட்டில் பதிய அதற்கு 23 நொடிகள் பிடித்தன. அங்கிருந்து வந்த தொழிலுக்கு நெடுங்காலம் மெகாபிக்சலைக் கூட்டுவதே உண்மையான முன்னேற்றமாக இருந்தது. ஆனால் தேவை எவ்வளவு என்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஆல்பத்தில் ஒட்டும் 6×4 அங்குலப் பிரிண்டுக்கு அங்குலத்துக்கு 300 புள்ளி வீதம் 1800×1200, அதாவது ஏறத்தாழ 2 மெகாபிக்சல் போதும். சுவரில் மாட்டும் 12×8 அங்குலப் படத்துக்கு 9 மெகாபிக்சலுக்குச் சற்றுக் குறைவு. 4கே தொலைக்காட்சித் திரை முழுவதிலும் உள்ளவை 83 லட்சம் புள்ளிகள். இன்று விற்பனையில் உள்ள நல்ல கேமரா எதுவும் இதற்குக் கீழே இல்லை. ஆகவே வீட்டுக்கு வாங்குபவர் அந்த எண்ணைப் பார்க்காமலே கடந்து போகலாம்.

பார்க்க வேண்டியது சென்சாரின் பரப்பும் லென்ஸின் திறப்பும். ஒளியை வாங்கி மின்சாரமாக்கும் சில்லுதான் சென்சார். ஃபுல் ஃபிரேம் என்று விற்கப்படுவது 36×24 மில்லிமீட்டர், அந்தக்கால ஃபிலிம் அளவு. ஏபிஎஸ்-சி என்பது சுமார் 23.5×15.6. ஒரு அங்குல சென்சார் என்று பெட்டியில் போட்டிருப்பது உண்மையில் 13.2×8.8 மில்லிமீட்டர்தான். பழைய தொலைக்காட்சிக் கேமராவின் கண்ணாடிக் குழாயை அதன் வெளி விட்டத்தால் அழைத்த வழக்கம் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. பெட்டியைப் படித்து அங்குலமாகவே எடுத்துக்கொள்பவர்கள் ஏமாந்துபோகிறார்கள். மலிவான சிறிய கேமராக்களிலும், ஜூம் நீளத்தைச் சொல்லி விற்கும் பல பெரிய கேமராக்களிலும் இருக்கும் 1/2.3 அங்குல சென்சாரின் பரப்பு 28 சதுர மில்லிமீட்டர். ஏபிஎஸ்-சி அதைப்போல 13 மடங்கு. பார்வைக்கு டி.எஸ்.எல்.ஆர். போலவே பருமனாக இருக்கும் ஒரு கேமராவுக்குள் செல்போனில் இருப்பதைவிடச் சிறிய சென்சார் இருக்கக்கூடும். அதனால் பெட்டியின் பின்பக்கத்தில் இந்த ஒரு வரியைத் தேடிப் படிக்காமல் காசு கொடுக்கக் கூடாது.

ஆனால் சென்சார் மட்டும் பெரிதாக இருந்து பயனில்லை. முதல் கேமரா வாங்கும் குடும்பங்கள் மனம் தளர்வது பெரும்பாலும் இங்கேதான். ஏபிஎஸ்-சி கேமராவோடு பெட்டியிலேயே வரும் 18-55 லென்ஸின் திறப்பு, அகலக் கோணத்தில் எஃப் 3.5, ஜூம் செய்தால் எஃப் 5.6 (எண் கூடினால் திறப்பு குறுகும்). விலை கூடிய செல்போனின் முதன்மைக் கேமராவில் 1/1.3 அங்குல சென்சாரும் எஃப் 1.8 திறப்பும் இருக்கின்றன. சென்சாரின் அளவையும் திறப்பையும் சேர்த்துக் கணக்கிட்டால், அகலக் கோணத்தில் அந்தக் கேமரா வாங்கும் மொத்த ஒளி செல்போனைவிட ஏறத்தாழ ஒன்றரை மடங்குதான். முழுதாக ஜூம் செய்த நிலையில் செல்போனின் முதன்மை லென்ஸுக்கும் கீழே போய்விடும். அதற்குமேல் செல்போன் அடுத்தடுத்துப் பல படங்களை எடுத்து ஒன்றாக அடுக்கி இரைச்சலைத் துடைத்துவிடுகிறது. 2018இல் கூகுள் பிக்சலில் வந்த நைட் சைட் இதைப் பொதுவழக்காக்கியது. பெரிய தொகை கொடுத்து வாங்கிய கேமரா வீட்டு ஹாலில் செல்போனுக்குத் தோற்பது ஏன் என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில். அதே கேமராவில் எஃப் 1.8 திறப்புள்ள ஒரு 35 மி.மீ. லென்ஸைப் பொருத்துங்கள்: செல்போனைப்போல ஐந்து மடங்கு ஒளி உள்ளே வரும்.

ஐந்து மடங்கு ஒளி வந்தால் ஷட்டரை ஐந்தில் ஒரு பங்கு நேரம் திறந்தால் போதும். தவழும் குழந்தையின் கை, கும்மியடிக்கும் பெண்களின் விரல்கள், தாலி கட்டும் நொடியில் திரும்பும் தலை எல்லாம் அப்போதுதான் கலங்காமல் நிற்கும். செல்போனின் அடுக்கும் உத்தி அசையாத பொருளுக்கே முழுப் பலன் தரும். படத்துக்குப் படம் இடம் மாறும் முகத்தை அதனால் சரியாகப் பொருத்த முடியாது. வீடியோவில் இந்த வேற்றுமை இன்னும் தெளிவாகத் தெரிகிறது. நொடிக்கு 25 ஃபிரேம் ஓடும்போது ஒவ்வொன்றுக்கும் பல படங்களை எடுத்து அடுக்க நேரம் ஏது? ஆகவே வீட்டுக்குள் எடுப்பதற்காகவே கேமரா என்றால், கையில் உள்ள தொகையைப் பாதியாகப் பிரித்து, ஒரு பாதிக்குப் பழைய தலைமுறைக் கேமரா உடலையும் மறுபாதிக்கு அகலத் திறப்புள்ள ஒற்றைக் குவிய லென்ஸையும் வாங்குங்கள் என்று சொல்வேன். 50 மி.மீ. எஃப் 1.8 மலிவு என்பதால் பலர் அதை வாங்கிவிடுகிறார்கள். ஏபிஎஸ்-சியில் அதன் பார்வை 75 அல்லது 80 மி.மீ. போலச் சுருங்கிவிடும், நம் வீட்டு அறைகளில் முதுகு சுவரில் முட்டியும் நான்கு பேரை ஃபிரேமில் அடக்க முடியாது. 35 அல்லது அதற்கும் குறைந்த குவியம்தான் வீட்டுக்குப் பொருந்தும்.

மிரர்லெஸ்ஸா டி.எஸ்.எல்.ஆரா என்ற வாதத்தில் நீண்ட நேரம் செலவிட வேண்டியதில்லை. 2008இல் நிகான் டி90 டி.எஸ்.எல்.ஆரில் வீடியோவைக் கொண்டுவந்தது. அதே ஆண்டில் பானாசோனிக் ஜி1 கண்ணாடியே இல்லாத கேமராவாக வந்தது. புதிய உழைப்பெல்லாம் இப்போது மிரர்லெஸ் பக்கம்தான் போகிறது. குழந்தையின் கண்ணைக் கண்டுபிடித்து அதன் பின்னாலேயே போகும் ஆட்டோஃபோகஸ் ஒன்றுக்காகவே, வீடியோ எடுப்பவர் மிரர்லெஸ் வாங்கலாம். புகைப்படம் மட்டும் போதும் என்பவருக்கு நல்ல நிலையில் உள்ள பழைய டி.எஸ்.எல்.ஆர். மலிவாகக் கிடைக்கிறது, பேட்டரியும் கூடுதலாக நிற்கும்.

வீட்டு வெளிச்சத்தைப் பற்றி இன்னொன்று. நம் மின்சாரம் 50 சைக்கிள். டியூப்லைட்டும் மலிவான எல்.இ.டி. விளக்குகளும் நொடிக்கு 100 முறை மங்கிப் பிரகாசிக்கின்றன. கண்ணுக்குத் தெரியாத அந்தத் துடிப்பு, ஷட்டர் வேகம் பொருந்தாவிட்டால் வீடியோவில் கறுப்புப் பட்டைகளாக ஏறி இறங்கும். 60 சைக்கிள் நாடுகளுக்கு ஏற்ற 30 ஃபிரேம், 1/60 நொடி அமைப்பில் படம் பிடிப்பதே இதற்குக் காரணம். கேமரா மெனுவில் பால் (PAL) என்பதைத் தேர்ந்து, 25 அல்லது 50 ஃபிரேமில், ஷட்டரை 1/50 அல்லது 1/100 என்று வைத்தால் பட்டைகள் போய்விடும். ஐபோனிலும் பால் வடிவங்களைக் காட்டும்படி ஒரு அமைப்பு உண்டு. கேமராவை மாற்றாமலே, ஒரு ரூபாய்கூடச் செலவில்லாமல் கிடைக்கும் முன்னேற்றம் இது.

அடுத்தது தூரம். பள்ளி ஆண்டு விழாவில் பெற்றோருக்கு மேடையிலிருந்து 15 மீட்டர் தள்ளி இடம் கிடைக்கிறது என்று வையுங்கள். அங்கிருந்து ஒரு குழந்தையைத் தலை முதல் கால் வரை ஃபிரேமில் நிறைக்க, ஃபுல் ஃபிரேம் கணக்கில் 250 மி.மீ. போல வேண்டும். முகபாவம் தெரியும்படி இடுப்புக்கு மேல் எடுக்க 400 மி.மீ. செல்போனில் 3 மடங்கு ஜூம் என்பது 75 மி.மீ. சுற்றில், 5 மடங்கு என்பது 120 மி.மீ. சுற்றில் நின்றுவிடுகிறது, அதற்குமேல் காட்டுவது படத்தை வெட்டிப் பெரிதாக்குவதுதான். ஜூமுக்கான செல்போன் சென்சாரும் முதன்மை சென்சாரைவிடச் சிறியது. ஏபிஎஸ்-சி கேமராவில் 55-250 லென்ஸ் ஒன்று இருந்தால் 375 அல்லது 400 மி.மீ. வரை எட்டலாம். மேடைக்குப் போதிய விளக்கு இருப்பதால் அதன் குறுகிய திறப்பு அங்கே குறையாகத் தெரியாது. அந்த நீளத்தில் கையில் பிடித்து வீடியோ எடுப்பது மட்டும் நடக்காத காரியம். கனமான, தலைப்பகுதி இழுக்காமல் வழுக்கித் திரும்பும் டிரைபாட் வேண்டும்.

நேரம் என்று வரும்போதுதான், எல்லோரும் முடிந்துபோனதாக எழுதிவிட்ட ஹேண்டிகேமுக்காக நான் பேச விரும்புகிறேன். வீட்டு ஹேண்டிகேம்களில் சென்சார் மிகச் சிறியது. சோனியின் சிஎக்ஸ்405இல் அது 1/5.8 அங்குலம். இருட்டறையில் படம் புள்ளி புள்ளியாகத்தான் வரும். ஆனால் 30 மடங்கு ஆப்டிகல் ஜூம், குலுங்காமல் வழுக்கிச் செல்லும் ஜூம் விசை, உள்ளங்கையோடு பட்டையால் கட்டிக்கொள்ளும் வடிவம், சூடேறி நிற்காமல் கார்டு நிறையும்வரை ஓடும் திறன் ஆகியவை ஒரே பொருளில் இன்றும் வேறெங்கும் இந்த விலைக்குச் சேரவில்லை. இரண்டு மணி நேர அரங்கேற்றத்தை, விளக்கொளி நிறைந்த மேடையை, ஒரு தாத்தாவோ அத்தையோ தனியாக உட்கார்ந்து பதிவு செய்ய வேண்டுமென்றால் மெனு நிறைந்த மிரர்லெஸ்ஸைவிட இதுவே நம்பகமானது. சிறிய மிரர்லெஸ் கேமராக்களில் 4கே ஓடும்போது சூடு ஏறுகிறது. சித்திரை வெயிலில், குளிர்சாதனம் இல்லாத மண்டபத்தில் அது நடுவில் அணைந்துபோகலாம். புதிய வீட்டு ஹேண்டிகேம் மாடல்கள் அரிதாகிவிட்டன என்பது எனக்கு உண்மையான வருத்தம்.

பல கேமராக்கள் 29 நிமிடம் 59 நொடியில் வீடியோவை நிறுத்திக்கொண்டதற்குச் சூடு மட்டும் காரணமல்ல. 30 நிமிடம் தொடர்ந்து பதிவு செய்யக்கூடியதை வீடியோ கேமரா என்று வகைப்படுத்தி ஐரோப்பிய ஒன்றியம் கூடுதல் சுங்கவரி விதித்தது. நிறுவனங்கள் ஒரு நொடி குறைத்துக்கொண்டன. இந்தியாவிலும் 2012ஆம் ஆண்டுச் சுங்க அறிவிக்கை ஒன்றில் 800×600 பிக்சல், நொடிக்கு 23 ஃபிரேம், 30 நிமிடம் என்ற வரையறை வந்தது. அதை எட்டும் கேமராவுக்கு வரிச் சலுகை இல்லை என்றானது. இதை ஒட்டி எழுந்த வழக்கு உச்ச நீதிமன்றம்வரை போனது. புதிய மாடல்கள் பலவற்றில் இந்த வரம்பு நீங்கிவிட்டது. பழைய கேமரா வாங்குபவர்கள் மட்டும் இதைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். அரங்கேற்றத்தில் வர்ணம் முடிவதற்குள் கேமரா நின்றுவிடக்கூடும்.

ஒலியைப் பற்றிப் பெரும்பாலான விமர்சனங்கள் இரண்டு வரியில் முடித்துவிடுகின்றன. வீட்டு வீடியோவில் பாதி மதிப்பு ஒலிக்குத்தான் என்று நான் நினைக்கிறேன். படம் கொஞ்சம் மங்கலாக இருந்தாலும் பாட்டி சொல்லும் கதையைக் கேட்டுக்கொண்டிருப்போம். படம் துல்லியமாக இருந்து மின்விசிறி இரைச்சலில் அவர் குரல் மூழ்கிப்போனால் அதை யாரும் மறுபடி போட்டுப் பார்க்கமாட்டார்கள். தூரம் இரட்டிக்கும்போதெல்லாம் ஒலி 6 டெசிபெல் குறைகிறது. அறை எதிரொலியும் விசிறிச் சத்தமும் அப்படிக் குறைவதில்லை. எத்தனை விலையுயர்ந்த கேமராவானாலும் மூன்று மீட்டர் தள்ளி நிற்கும் அதன் உள் மைக்கால், சட்டையில் குத்திய சாதாரண மைக்குக்கு ஈடுகொடுக்க முடியாது. எனவே வெளி மைக் செருகும் துளை உண்டா என்று பார்த்தே வாங்க வேண்டும். கேனான் 1500டியில் அது கிடையாது. 200டி இரண்டாம் பதிப்பில் உண்டு. மேலே சொன்ன சிஎக்ஸ்405இலும் இல்லை, அது அந்த ஹேண்டிகேமின் பெரிய குறை. துளை இல்லாத கேமரா ஏற்கெனவே வீட்டில் இருந்தால், செல்போனில் மைக்கைச் செருகிப் பெரியவர் பக்கத்தில் வைத்துத் தனியாகப் பதிந்து, பிறகு கணினியில் இரண்டையும் சேர்க்கலாம். தொடக்கத்தில் கேமரா முன் ஒருமுறை கைதட்டினால் பொருத்துவது எளிது. சபாக்களிலும் மண்டபங்களிலும் ஒலிபெருக்கி அமைப்பவரிடம் முன்கூட்டியே பேசி, மிக்ஸரிலிருந்து ஒரு ஒயர் வாங்கிக்கொள்வது இன்னும் நல்லது.

மற்ற வகைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 2012இல் சோனி ஆர்எக்ஸ்100 தொடங்கிவைத்த ஒரு அங்குல சென்சார் சிறு கேமராக்கள் பயணத்துக்கு ஏற்றவை. ஆனால் நல்ல செல்போனுக்கும் அவற்றுக்குமான இடைவெளி சுருங்கிவிட்டது. 2023இல் வந்த டிஜேஐ ஆஸ்மோ பாக்கெட் 3, அதே அளவு சென்சாரைக் குலுக்கம் தாங்கும் மோட்டார்த் தலையில் வைத்துத் தருகிறது. நடந்துகொண்டே குழந்தையைத் தொடர்ந்து எடுப்பவர்களுக்கு அதைத்தான் முதலில் சொல்வேன். கோப்ரோ வகை ஆக்‌ஷன் கேமராக்கள் தண்ணீருக்கும் பைக்குக்கும் நல்லவை, வீட்டுக்குள் சுமாராகத்தான் எடுக்கும்.

வாங்கிய பிறகு கேமராவைக் கொல்வது பெரும்பாலும் ஈரம். சென்னை, நாகை, தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்களில் ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் பீரோவுக்குள் தோல் உறையில் வைத்த லென்ஸுக்குள் பூஞ்சை படர்ந்துவிடும். வலை பின்னியதுபோல் கண்ணாடிக்குள் பரவும் அதை எடுப்பதற்கான செலவு பல சமயம் லென்ஸின் விலையை நெருங்கும். காற்றுப்புகாத பிளாஸ்டிக் டப்பா, அதற்குள் சிலிக்கா ஜெல், ஒரு சிறிய ஈரமானி. ஈரப்பதம் 40 முதல் 50 சதவீதத்தில் நின்றால் போதும். அதைவிட நல்ல மருந்து வாரம் ஒருமுறை வெளியே எடுத்துப் பயன்படுத்துவது. பழைய லென்ஸ் வாங்கும்போதும் இதே சோதனைதான் முதலில்: பின்பக்கத்திலிருந்து டார்ச் அடித்துச் சாய்த்துப் பார்த்தால் பூஞ்சை தெரிந்துவிடும். கேமரா உடல் என்றால் ஷட்டர் எத்தனை முறை விழுந்திருக்கிறது என்ற எண்ணிக்கையைக் கேளுங்கள். இந்திய உத்தரவாத அட்டை இல்லாமல் வெளிநாட்டிலிருந்து வரும் கேமராக்கள் மலிவாகத் தெரியும். பழுதானால் முழுச் செலவும் நம் தலையில்.

மெமரி கார்டில் மிச்சம் பிடிக்கக் கூடாது. நொடிக்கு 100 மெகாபிட் வேகத்தில் 4கே பதிந்தால் ஒரு மணி நேரத்துக்கு 45 ஜிபி ஆகும். 64 ஜிபி கார்டு ஒன்றேகால் மணி நேரத்துக்குச் சற்று மேல்தான் வரும். வி30 என்று அச்சிட்ட கார்டு, தடையில்லாமல் நொடிக்கு 30 மெகாபைட் எழுதும் என்ற உறுதி. 4கேவுக்கு அது வேண்டும். ஆனால் எல்லா வீடியோவையும் 4கேவில் எடுத்தாக வேண்டும் என்பதை நான் ஏற்கவில்லை. நீண்ட நிகழ்ச்சிக்கு ஃபுல் எச்.டி. போதும். மூன்றில் ஒரு பங்கு இடமே பிடிக்கும், எளிதில் படியெடுக்கலாம். படியெடுத்த கோப்புகளே தப்பிப் பிழைக்கின்றன. வீட்டில் இரண்டு ஹார்டு டிஸ்க்கில் ஒன்றுபோல இரண்டு படி, மூன்றாவது படி வேறொரு ஊரில் உள்ள உறவினர் வீட்டிலோ இணையச் சேமிப்பிலோ. வாட்ஸ்அப்பில் பகிர்வதைச் சேமிப்பாக எண்ணிவிடக் கூடாது. அது படத்தைச் சுருக்குவதோடு, எடுத்த தேதி முதலிய விவரங்களையும் அகற்றிவிடுகிறது. டாகுமென்டாக அனுப்பினால் மூலப்படம் அப்படியே போகும். கேமராவின் தேதியையும் நேரத்தையும் முதல் நாளே சரியாக வைப்பதும் முக்கியம். இருபது ஆண்டு கழித்து ஆயிரக்கணக்கான படங்களுக்கு நடுவே ஒன்றைத் தேடுபவருக்கு அதுவே பெரும்பாலும் ஒரே பிடி.

வளைகுடாவிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் வந்த ஹேண்டிகேம்களில் 1990களிலும் 2000களிலும் பதிந்த நாடாக்கள் ஏராளமான தமிழ்க் குடும்பங்களின் பீரோக்களில் கிடக்கின்றன. புதிய கேமராவுக்கு ஒதுக்கிய தொகையில் ஒரு பகுதியை முதலில் அவற்றுக்குச் செலவிடச் சொல்வேன். நாடாவின் காந்தப் பூச்சு ஆண்டுக்கு ஆண்டு தேய்கிறது. அதைவிட அவசரம், அவற்றை ஓட்டும் கருவிகள் மறைந்துவருவது. 1995இல் வந்த மினிடிவி நாடாவில் இருப்பது டிஜிட்டல் பதிவு. வேலை செய்யும் கேமராவும் ஃபயர்வயர் துளையுள்ள பழைய கணினியும் கிடைத்தால், மணிக்கு 13 ஜிபி வீதம் தரம் குறையாமல் அப்படியே இறக்கிவிடலாம். வீடியோ8, ஹை8 நாடாக்கள் அனலாக். அவற்றை 1999க்குப் பின் வந்த டிஜிட்டல்8 கேமராக்களில் சில வாசித்து, அதே ஃபயர்வயர் வழியாக டிஜிட்டலாகத் தந்துவிடும். சொந்தக்காரர் யாரிடமாவது அப்படி ஒன்று இன்னும் ஓடுகிற நிலையில் இருந்தால், இந்த விடுமுறைக்கே கேட்டு வாங்கிவிடுங்கள்.